டோங்காவின் மரப்பட்டைத் துணி ‘ஙத்து’: பரிசாகத் தருவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோங்கா, தென் பசிபிக்கில் சுமார் 170 தீவுகளும் ஏறக்குறைய ஒரு லட்சம் மக்களும் கொண்ட சின்ன முடியரசு நாடு. டோங்காக்காரர்கள் ஆக்லாந்திலும் சிட்னியிலும் நிறையவே இருக்கிறார்கள். அங்கே வசிக்கும் தமிழர்களுக்கு அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களாகவோ கூட வேலை பார்ப்பவர்களாகவோ அமைவதுண்டு. அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கோ துக்கத்துக்கோ போனால், பழுப்பு நிறத்தில் கட்டம் கட்டமாகக் கோலம் போட்ட ராட்சத விரிப்புகளைப் பெண்கள் தூக்கி வருவதைப் பார்க்கலாம். அதைப் பார்த்தவர்களுக்கு வழக்கமாக எழும் கேள்விகள் இவை.

ஙத்து என்றால் என்ன? டாப்பா என்பதும் இதுதானா?

காகித மல்பெரி மரத்தின் உள்பட்டையை அடித்து அகலமாக்கி, ஒன்றோடொன்று ஒட்டி, சாயம் பூசிச் செய்த விரிப்புதான் ஙத்து. இதில் நெசவு கிடையாது, நூலும் கிடையாது. மரத்துக்கு அவர்கள் மொழியில் ஹியாப்போ என்று பெயர். அடித்துக் காயவைத்த வெறும் தாள் ஃபெத்தஅகி. சாயமும் கோலமும் ஏறிய பிறகுதான் அது ஙத்து. (நம் எழுத்து வரிசையில் ‘ங’வுக்குச் சொல்லின் தொடக்கத்தில் வேலையே இல்லை. டோங்கா மொழியில் அது சர்வ சாதாரணமாக முதலெழுத்தாக வருகிறது.)

டாப்பா என்பது பசிபிக் தீவுகளின் மரப்பட்டைத் துணி எல்லாவற்றுக்கும் வெளியுலகம் வைத்துவிட்ட பொதுப்பெயர். டோங்காவில் அந்தச் சொல் குறிப்பது சாயம் படாத வெள்ளை ஓரத்தை மட்டும்தான். ஃபிஜியில் இதே வகைத் துணியை மாசி என்பார்கள், சமோவாவில் சியாப்போ.

கையில் எடுத்துப் பார்த்தால் கெட்டித் தாளுக்கும் மெல்லிய தோலுக்கும் நடுவே ஏதோ ஒன்றுபோல இருக்கும். புதியது மடிக்கும்போது சரசரக்கும். புழங்கப் புழங்க மெத்தென்று ஆகிவிடும்.

மரவுரி என்றால் துறவிகள் உடுத்துவதாயிற்றே. அதைப் போய்ப் பரிசாகத் தருவார்களா?

நமக்கு மரவுரி என்றதும் காட்டுக்குப் போன ராமன்தான் நினைவுக்கு வருவான். பட்டாடையைக் களைந்துவிட்டு மரப்பட்டையைக் கட்டிக்கொண்டான் என்றால் எல்லாவற்றையும் துறந்துவிட்டான் என்று அர்த்தம். டோங்காவில் கதை நேர் எதிர். அங்கே மரப்பட்டைத் துணிதான் சொத்து.

அவர்கள் இதைக் கொலோவா என்ற சொல்லால் குறிப்பிடுகிறார்கள். செல்வம், மதிப்புள்ள பொருள் என்று பொருள் கொள்ளலாம். ஙத்து, தாழையோலையில் பின்னிய பாய்கள், வாசனை ஏற்றிய தேங்காய் எண்ணெய் எல்லாம் கொலோவா. எல்லாமே பெண்கள் கையால் உருவாகிறவை. ஆண்கள் கொண்டுவருவது கிழங்கு, பன்றி, பானம் செய்யும் காவா வேர். ஆண்கள் தரும் பொருள் அன்றைய விருந்தோடு வயிற்றுக்குள் போய்விடும். பெண்கள் தருவது நாற்பது, ஐம்பது வருடம் கழித்தும் யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கும், இன்னார் கொடுத்தது என்ற பேச்சோடு. வீட்டில் கொலோவா இல்லாத குடும்பத்தை, வங்கியில் எவ்வளவு பணம் இருந்தாலும், பழைய தலைமுறைப் பெண்கள் வசதியான குடும்பம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இதைச் செய்ய அப்படி என்ன பாடு?

இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தப் பரிசின் எடை புரியாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஹியாப்போவை நட்டு ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் வெட்டிவிடுவார்கள். தண்டு மெலிதாக, கிளை விடாமல் நெட்டுக்குத்தாக வளர்ந்திருக்க வேண்டும். பட்டையை ஒரே உரியாக உரித்து, வெளித்தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெள்ளையான உள்பட்டையை மட்டும் காயவைப்பார்கள். பிறகு அதைத் தண்ணீரில் ஊறவைத்து, துத்துவா என்ற நீண்ட மரக்கட்டைமேல் போட்டு அடிக்க வேண்டும். அடிக்கும் கட்டைக்கு இகே என்று பெயர். சவுக்கு மரத்தில் செய்வது, நாலு பக்கம் கொண்டது. சில பக்கங்களில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும், அதனால் அடித்தால் நார் பக்கவாட்டில் பிரிந்து விரியும். வழவழப்பான பக்கம் கடைசியில் சமன்செய்வதற்கு. கையகலப் பட்டை, அடிக்க அடிக்கப் பல மடங்கு அகலமாகும். டோங்கா கிராமத்துக் காலைச் சத்தம் என்று யாரைக் கேட்டாலும் இந்த ‘டக் டக்’கைத்தான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேட்காது. ஓய்வுநாளில் வேலை கூடாது என்பது அந்த நாட்டு அரசியலமைப்பிலேயே இருக்கிறது.

இதுவரை ஒருத்தி தனியாகச் செய்துவிடலாம். அடுத்த கட்டத்துக்கு ஊர் வேண்டும். அந்தக் கட்டத்தின் பெயர் கோகாஅங்கா. முதுகு வளைந்த நீளமான பலகையின் இரு பக்கமும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்துகொள்வார்கள். பலகைமேல் குபெசி கட்டியிருக்கும். குபெசி என்பது கோலத்தின் அச்சு, ஓலையில் தென்னை ஈர்க்குகளை வைத்துத் தைத்துப் புடைப்பாகச் செய்தது. அதன்மேல் ஒரு அடுக்குத் தாளை விரிப்பார்கள். அரைவேக்காடு கிழங்கைக் கையில் பிடித்துத் தேய்ப்பார்கள், அதுதான் பசை. மேலே குறுக்குவாட்டில் இரண்டாவது அடுக்கு. பிறகு கோகா மரப்பட்டைச் சாற்றில் நனைத்த துணி உருண்டையால் அழுத்தித் தேய்த்தால், அடியில் உள்ள அச்சு செம்பழுப்பில் மேலே எழும்பி வரும். நாணயத்தின்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து விளையாடியிருப்பீர்களே, அதே தந்திரம்தான். ஒரு பகுதி முடிந்ததும் எல்லோருமாக இழுத்து நகர்த்திவிட்டு அடுத்த பகுதி. பிற்பாடு, காய்ந்த தாழம்பழச் சுளையைத் தூரிகையாக்கி, கோடுகளைக் கறுப்பாக அழுத்தி வரைவார்கள்.

இந்தப் பெண்கள் குழுவுக்குக் கௌதஹா என்று பெயர். இன்று உட்கார்ந்து தேய்ப்பது ஒருத்தியின் ஙத்துவுக்காக, அடுத்த முறை இன்னொருத்திக்காக. கூலி கிடையாது. யாருடைய ஙத்துவோ அவர் அன்றைக்கு எல்லோருக்கும் சாப்பாடு போட வேண்டும். ஆக, ஒரு ஙத்து யாருக்கும் பரிசாகப் போவதற்கு முன்பே பத்துப் பதினைந்து பெண்களின் கடன் அதில் ஏறிவிடுகிறது.

எப்போதெல்லாம் தருவார்கள்?

கல்யாணம், சாவு, குழந்தையின் முதல் பிறந்தநாள், 21ஆம் பிறந்தநாள், தேவாலயத் திறப்புவிழா, ஒருவருக்குப் பிரபுப் பட்டம் சூட்டும் நாள், அரசர் ஊருக்கு வரும் நாள். கல்யாணத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஙத்துவிலும் பாயிலும் சுற்றி நிறுத்துவார்கள். அன்று அவர்கள் இரண்டு பேரும் நடப்பதே பெரும்பாடு.

எப்படித் தருவார்கள்? பார்சலாகக் கட்டியா?

இல்லவே இல்லை. எல்லோரும் பார்க்கத் தர வேண்டும். பெண்கள் ஓரங்களைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்து வந்து, விழா நடத்துகிறவர்கள் முன்னால் புல்தரையில் முழு நீளத்துக்கும் விரிப்பார்கள். அந்தப் பக்கத்தில் மதாபுலே என்ற பேச்சாளர் உட்கார்ந்திருப்பார். குடும்பத் தலைவர் வாய் திறக்க வேண்டியதில்லை, அவர் சார்பில் நன்றி சொல்வதும் வந்ததைப் புகழ்வதும் மதாபுலேயின் வேலை. விரித்துக் காட்டி முடிந்ததும் பெண்கள் சட்டென்று மடித்து எடுத்துவிடுவார்கள், அடுத்த குடும்பம் வாசலில் காத்திருக்கும். யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்று ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பதும் உண்டு. நம் வீடுகளில் மொய் எழுதிப் பழகியவர்களுக்கு அந்த நோட்டைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்துவிடும்.

சாவு வீட்டில் இது எதற்கு?

டோங்காக்காரர்களுக்கு ஙத்துவின் உண்மையான இடமே அதுதான் என்பது என் எண்ணம். உடலை ஙத்துவும் பாயும் பல அடுக்காக விரித்து அதன்மேல்தான் கிடத்துவார்கள். சுவரிலும் தொங்கவிடுவார்கள். துக்கத்துக்கு வருகிறவர்கள் கொலோவாவோடு வருவார்கள், வெறுங்கையோடு வருவது கஷ்டம்.

உடலின் தலைமாட்டுக்கு அருகே ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். அவர்தான் ஃபஹூ. பெரும்பாலும் இறந்தவரின் தந்தையின் அக்காவோ அவர் வழி வந்தவர்களில் ஒருவரோ. டோங்கா உறவுமுறையில் சகோதரிக்குச் சகோதரனைவிட அந்தஸ்து அதிகம். அதனால் அவனுடைய பிள்ளைகளுக்கு, அப்பாவைவிட அப்பாவின் அக்கா ஒரு படி மேல். மெஹெகிடங்கா என்று அவர்கள் சொல்லும் அந்த உறவுக்குத் தமிழில் விளக்கமே வேண்டாம், அத்தைதான். வந்து குவியும் ஙத்துகளில் மிகச் சிறந்தவை அத்தைக்குப் போகும். மீதியை யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுவதிலும் அவர் சொல்லுக்குத்தான் மரியாதை.

அதே வீட்டில், அந்தஸ்தில் தாழ்ந்த முறை உறவினர்கள் பழைய கிழிந்த பாயை இடுப்பில் பெரிதாகச் சுற்றிக்கொண்டு பின்கட்டில் அடுப்போடு போராடிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருவர் தன் அலுவலகத்தில் மேலாளராக இருக்கலாம், நாட்டுக்கே அமைச்சராகவும் இருக்கலாம். அடுத்த மாதம் வேறொரு சாவில் அவரே ஃபஹூவாகத் தலைமாட்டில் உட்கார நேரும். யார் இறந்தார் என்பதைப் பொறுத்து எல்லோருடைய இடமும் மாறுகிறது. ஙத்து எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்த்தாலே அந்தச் சாவில் யார் யாருக்கு என்ன முறை என்று சொல்லிவிடலாம்.

ஓரத்தில் 1, 2, 3 என்று எண் எழுதியிருக்கிறதே, ஏன்?

நல்ல கண் உங்களுக்கு. ஙத்துவின் நீளத்தை அளக்கும் அலகு லங்கங்கா. பலகையில் ஒவ்வொரு முறை இழுத்துத் தேய்க்கும் பகுதிதான் அது, ஏறக்குறைய அரை மீட்டர். அந்தப் பகுதிகளுக்குத்தான் ஓரத்தில் எண் போடுகிறார்கள். விரித்துக் காட்டும்போது எத்தனை லங்கங்கா என்று யாரும் எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வெட்டிப் பங்கிடும்போதும் இந்தக் கோட்டில்தான் கத்தரி போகும்.

ஐம்பது லங்கங்கா உள்ளது லவுனிமா. நீளம் 22 மீட்டரைத் தாண்டும். அதைத் தனிக் குடும்பம் செய்வது அரிது. அரசருக்கும் பெரும் சடங்குகளுக்கும் ஊரே சேர்ந்து செய்வது அது.

ஒரு லவுனிமாவின் கதை சொல்கிறேன். 1953 டிசம்பரில் இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத் டோங்காவுக்கு வந்தார். அதே ஆண்டு ஜூனில் லண்டனில் நடந்த அவருடைய முடிசூட்டு ஊர்வலத்தில், கொட்டும் மழையில் வண்டியின் கூரையை மூடச் சொல்லாமல் நனைந்துகொண்டே சிரித்தபடி போனவர் டோங்கா அரசி சாலோத்தே. அந்த எலிசபெத்தின் வருகைக்காகச் செய்த லவுனிமாவில் அவருடைய பெயரின் முதலெழுத்துகளும் அரச சின்னங்களும் கோலத்தோடு கோலமாக இருக்கின்றன. 1965 டிசம்பரில் சாலோத்தே ஆக்லாந்தில் இறந்தார். உடலை விமானத்தில் ஊருக்குக் கொண்டுபோனபோது சவப்பெட்டியின் அடியில் விரித்தது இதே லவுனிமா. இப்போது அது வெலிங்டனில், தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு அரசியின் வரவேற்புக்குச் செய்தது இன்னொரு அரசியின் கடைசிப் பயணத்துக்கும் ஆனது. டோங்காவில் யாரும் இதை முரண் என்று நினைக்க மாட்டார்கள்.

கறுப்பு ஙத்து என்று தனியாக ஒன்று உண்டா?

உண்டு. ஙத்து ஊலி என்பார்கள். ஒரு வகைக் கொட்டையை எரித்து, அதன் புகைக்கரியைச் சேகரித்துச் சாயம் செய்து, பெரும்பகுதியையும் கறுப்பாக்குவது. வேலையும் கூட, மதிப்பும் கூட. பெரிதும் அரச குடும்பத்துக்கும் பிரபுக்களுக்கும் உரியது, குறிப்பாக அவர்கள் வீட்டுச் சாவுக்கும் கல்யாணத்துக்கும்.

கோலங்களுக்கு அர்த்தம் இருக்கிறதா?

நிறைய. மனுலுவா என்பது இரண்டு பறவைகள். தாய்வழி, தந்தைவழி இரண்டுமே உயர்ந்த குடி என்பதைக் காட்டுவது. ஹாலா பைனி என்றால் பைன் மரச் சாலை, அரண்மனைக்குப் போகும் வழியில் இரு பக்கமும் நிற்கும் மரங்கள். நாட்டின் முத்திரை, சிங்கம், கழுகு, புறா எல்லாம் வரும். நினைவில் நிற்கும் நிகழ்ச்சி நடந்தால் அதற்கும் ஒரு அச்சு செய்துவிடுவார்கள். அதனால் பழைய ஙத்துவைப் பார்த்து, அது எந்தக் காலத்தது என்று விவரம் தெரிந்த பாட்டிமார் ஊகித்துவிடுவதும் உண்டு.

எனக்கு வந்த ஙத்துவை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாமா? கொடுத்தவர் கோபிக்க மாட்டாரா?

டோங்காக்காரர்கள் தங்களுக்குள் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். போன மாதக் கல்யாணத்தில் வந்தது இந்த மாதச் சாவுக்குப் போகும். ஒரு பகுதியை வெட்டித் தேவாலயத் திறப்புக்குக் கொடுப்பார்கள். பெட்டியிலேயே பூட்டி வைத்திருப்பவரைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். விதிவிலக்கும் உண்டு. பாட்டி கையால் செய்தது, அரச குடும்பத்திலிருந்து வந்தது போன்றவற்றை வெளியே விடாமல் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

ஆனால் நீங்கள் வெளியாள். உங்களுக்குத் தந்திருந்தால், வைத்துக்கொள்ளட்டும் என்றே தந்திருப்பார்கள். கைமாற்ற நினைத்தால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இவ்வளவு சிரமத்துக்குப் பணமாகவே கொடுத்துவிடலாமே?

கொடுக்கிறார்கள், உறையில் போட்டு. ஆனால் அது கொலோவாவின் பக்கத்தில் வைக்கப்படுகிறதே தவிர அதன் இடத்தில் அல்ல. ஐநூறு டாலர் யார் கொடுத்தாலும் ஐநூறு டாலர்தான். ஙத்துவில் எந்த ஊர், எந்தக் குழு, எவ்வளவு நீளம், யார் முன்னால் விரித்தது எல்லாம் ஒட்டியிருக்கிறது.

சரி, இதன் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான பாஅங்கா, அதாவது டோங்கா நாணயம், கொடுத்து ஙத்து வாங்கி, இரண்டு நாளில் அதைத் தானமாகக் கொடுத்துவிட்டுக் கடனில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அடகுக்கடையில் ஙத்துவை வைத்துப் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கட்டுகிறவர்களும் உண்டு. தலைநகர் நுகுஅலோஃபாவில் அடகுக்கடைக்காரர் ஙத்துவையும் பாயையும் வாங்கிக்கொண்டு பணம் தருவது வியப்பான செய்தியே இல்லை. வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த இளைஞர்கள் இதை நேராகவே கேட்கிறார்கள்: அம்மா இரவு ஷிஃப்ட் பார்த்துச் சம்பாதித்ததை எதற்காக அத்தை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்? கேள்வி நியாயமானதுதான். கடமை என்பதற்கு அவர்கள் மொழியில் ஃபத்தோங்கியா என்று ஒரு சொல் இருக்கிறது. அம்மா அந்தச் சொல்லைச் சொல்வார், பிள்ளை பெருமூச்சு விடும், சனிக்கிழமை இரண்டு பேருமே ஙத்துவின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள்.

‘ஙத்து பெப்பா’ போலியா?

போலி என்று சொல்லிவிடாதீர்கள். பட்டைத் தாளுக்குப் பதிலாக, தையற்காரர்கள் காலருக்குள் வைக்கும் விறைப்புத் துணி போன்ற நெய்யாத செயற்கைத் துணியை ஒரு அடுக்காகவோ முழுதுமாகவோ வைத்துச் செய்வது. ஹியாப்போ சுலபமாகக் கிடைக்காத ஆக்லாந்து போன்ற இடங்களில் பெண்கள் சேர்ந்து இப்படிச் செய்கிறார்கள். கோலமும் சாயமும் கூடி உட்கார்ந்து தேய்ப்பதும் அப்படியேதான். சடங்குக்கு ஏற்கிறார்கள், மதிப்பு மட்டும் ஒரு படி குறைவு.

எனக்கு ஒருவர் ஙத்து தந்தால் எப்படி நடந்துகொள்வது?

வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘இவ்வளவு பெரியதை எங்கே வைப்பது’ என்று பணிவாகச் சொன்னாலும் காயம்தான். விரித்துக் காட்டும்போது அதன்மேல் கால் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ‘மாலோ அவுபித்தோ’ என்றால் ‘மிக்க நன்றி’. 1773இல் டோங்காவுக்கு வந்த கேப்டன் குக், எதைக் கொடுத்தாலும் அங்குள்ளவர்கள் அதைத் தலையில் வைத்து நன்றி காட்டியதாக எழுதியிருக்கிறார். உங்களிடம் அதெல்லாம் எதிர்பார்க்க மாட்டார்கள்.

பதிலுக்கு என்ன தருவது என்று உடனே ஓடிப்போய் எதையாவது வாங்கிவரவும் வேண்டாம். கணக்கு அன்றே தீர்வது அங்கே மரியாதை இல்லை. அவர்கள் வீட்டில் அடுத்து ஏதாவது நடக்கும்போது உணவோ உறையோ எடுத்துக்கொண்டு போய் நில்லுங்கள்.

ஙத்துவைத் துவைக்கலாமா? எப்படி வைத்திருப்பது?

தண்ணீர் பட்டால் பசை விடும், சாயம் கலங்கும். துவைக்கவே கூடாது. ஈரமும் பூச்சியும்தான் பெரிய எதிரிகள். நாளெல்லாம் வெயில் விழும் சுவரில் மாட்டினால் நிறம் மங்கும். அருங்காட்சியகங்களில் மடிக்காமல் உருளையில் சுற்றி வைப்பார்கள், மடிப்பில் நார் வெடிக்கும் என்பதால். டோங்கா வீடுகளில் அவ்வளவு இடம் ஏது? மடித்துக் கட்டில் மெத்தைக்கு அடியில் பரப்பிவிடுகிறார்கள். அவ்வப்போது எடுத்துக் காற்றாட விரித்து, பூச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி உள்ளே. அடுத்த அழைப்பு வரும்வரை வீட்டுக்காரர்கள் அதன்மேல்தான் தூங்குகிறார்கள்.